டெங்கு: காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தா? அறிகுறி முதல் தடுப்பு வரை முழு விவரம்

முதல் 3 நாள் கடும் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதிக்கிறது. 4வது நாள் காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை. "அப்பாடா, காய்ச்சல் விட்டுடுச்சு" என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அன்றைக்கு டாக்டரைப் பார்க்கப் போக வேண்டியதைத் தள்ளிப் போடுகிறார்கள். மதியம் குழந்தை, "வயிறு வலிக்குதும்மா" என்கிறது. சாயங்காலத்துக்குள் 3 முறை வாந்தி. ராத்திரி கை, கால் எல்லாம் சில்லிட்டுப் போகிறது.

டெங்கு காய்ச்சலில் நிலைமை கைமீறிப் போவது பெரும்பாலும் இப்படித்தான். காய்ச்சல் குறைந்தால் நோய் குறைந்துவிட்டது என்று நினைப்பது நம் வழக்கம். மற்ற பல காய்ச்சல்களுக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்தான கட்டமே தொடங்குகிறது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பல உயிர்களைக் காப்பாற்ற முடியும்.

தமிழ்நாட்டில் 2012-ல் 66 பேரும், 2017-ல் 65 பேரும் டெங்குவால் உயிரிழந்ததாக அரசுக் கணக்குகள் சொல்கின்றன. 2023-ல் இந்தியா முழுவதும் 2.89 லட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். 485 பேர் உயிரிழந்தனர். அதே நேரம், சீக்கிரம் கண்டறிந்து சரியாகக் கவனித்தால் தீவிர டெங்குவிலும் உயிரிழப்பை 1 சதவீதத்துக்கும் கீழே குறைக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, பதற்றம் வேண்டாம். கவனம்தான் வேண்டும்.

டெங்கு எப்படி வருகிறது, எந்த நாளில் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வராமல் தடுப்பது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டெங்கு எப்படிப் பரவுகிறது?

டெங்கு ஒரு வைரஸ் நோய். ஏடிஸ் எஜிப்டை என்ற கொசுதான் இதை முக்கியமாகப் பரப்புகிறது. ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற இன்னொரு வகைக் கொசுவும் பரப்பும். கறுப்பு உடலிலும் கால்களிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, வரி இருக்கும். அதனால் இதற்குப் புலிக்கொசு என்றும் ஒரு பெயர் உண்டு.

டெங்கு பாதித்தவரைக் கடிக்கும் கொசுவின் உடலுக்குள் வைரஸ் போகிறது. அங்கே சுமார் 8 முதல் 12 நாளில் பெருகுகிறது. அதன் பிறகு அந்தக் கொசு சாகும் வரை, கடிக்கும் ஒவ்வொருவருக்கும் நோயைக் கொடுக்கும். கடிபட்டவருக்குப் பொதுவாக 4 முதல் 10 நாளில் காய்ச்சல் தொடங்கும்.

தும்மல், இருமல், தொட்டுப் பேசுவது, ஒரே தட்டில் சாப்பிடுவது ஆகியவற்றால் டெங்கு பரவாது. நோயாளியைத் தனி அறையில் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. ஆனால் அவரைக் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வது ரொம்ப முக்கியம். ஏனென்றால், அவரைக் கடிக்கும் கொசுதான் அடுத்து அதே வீட்டில் இன்னொருவரையும் கடிக்கும். காய்ச்சல் இருக்கும் நாட்களில் பகலிலும் கொசு வலைக்குள்ளேயே படுக்க வையுங்க.

நல்ல தண்ணீரில்தான் வளருமா?

ஆமாம். "எங்க வீட்டுப் பக்கம் சாக்கடையே இல்லை, எங்களுக்கு எப்படி டெங்கு வந்தது?" என்று பலர் கேட்பதுண்டு. சாக்கடையில் வளர்வது பெரும்பாலும் கியூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசு. ஏடிஸ் கொசு தேடுவது தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரை. குடிக்கப் பிடித்து வைத்த டிரம், மூடாத தொட்டி, பூந்தொட்டித் தட்டு என்று நம் வீட்டுக்குள்ளேயே அதற்கு இடம் கிடைத்துவிடுகிறது.

இது பகலில் கடிக்கும் கொசு. விடிந்த பிறகு சில மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகமாகக் கடிக்கும். ராத்திரி மட்டும் கொசுவத்தி ஏற்றி வைத்தால் போதாது என்பதற்கு இதுதான் காரணம்.

ஏடிஸ் அதிக தூரம் பறக்கவும் பறக்காது. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். உங்க வீட்டில் ஒருவரைக் கடித்த கொசு, உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அதே தெருவிலோ பிறந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மழைக்காலத்தில் மட்டும்தான் டெங்கு வருமா?

அப்படி இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டில் டெங்கு அதிகரிப்பது வழக்கம்தான். ஆனால் தண்ணீர்த் தட்டுப்பாடு காலத்திலும் டெங்கு பரவும். 2012-ல் நெல்லை மாவட்டத்தில் டெங்கு தீவிரமாகத் தலைதூக்கியது கோடைக்காலத்தில்தான்.

காரணம் எளிது. குழாயில் சில நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும் என்றால், மக்கள் குடம், டிரம், தொட்டி என எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். ஒரு வாரம் மூடாமல் நிற்கும் டிரம், கொசுவுக்குக் குளம் மாதிரி.

டெங்குவின் 3 கட்டங்கள்

காய்ச்சல் தொடங்கிய தேதியையும் நேரத்தையும் காலண்டரில் குறித்து வையுங்க. டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே "இன்னைக்கு எத்தனாவது நாள்?" என்பதுதான். பரிசோதனை, கவனிப்பு எல்லாமே அந்தக் கணக்கை வைத்துத்தான்.

*முதல் கட்டம்: காய்ச்சல் நாட்கள்*

திடீரென்று கடும் காய்ச்சல் வரும். தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, தசை வலி, குமட்டல், தோலில் சிவப்புத் தடிப்பு ஆகியவை இருக்கலாம். உடம்பை அடித்துப் போட்டது போல இருக்கும். இது 2 முதல் 7 நாள் வரை நீடிக்கும். சின்னக் குழந்தைகளுக்கு வெறும் காய்ச்சலும் சோர்வும் மட்டுமே இருக்கக்கூடும்.

*இரண்டாம் கட்டம்: ஆபத்தான 24 முதல் 48 மணி நேரம்*

பெரும்பாலும் 3 முதல் 7வது நாளுக்குள், காய்ச்சல் குறையும் நேரத்தில் இந்தக் கட்டம் தொடங்கும். பெரும்பாலானவர்கள் இதைச் சிக்கலின்றிக் கடந்துவிடுவார்கள். சிலருக்கு மட்டும் நோய் தீவிரமாகும். யாருக்குத் தீவிரமாகும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லோரையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

*மூன்றாம் கட்டம்: தேறும் நாட்கள்*

பசி திரும்பும். முகத்தில் தெளிவு வரும். சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வந்து போகும். உடல் சோர்வு சில வாரங்கள் வரை நீடிக்கலாம். அதற்குப் பயப்பட வேண்டாம், ஓய்வு எடுத்தால் போதும்.

காய்ச்சல் விட்ட பிறகு உடம்புக்குள் என்ன நடக்கிறது?

புது மண்பானையில் தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் கசிந்து ஈரமாகும் இல்லையா? தீவிர டெங்குவில் ரத்தக் குழாய்களுக்கு நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. அந்த நீர் வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் சேர்கிறது.

ரத்தக் குழாய்க்குள் நீர் குறைந்ததும் ரத்தம் கெட்டியாகிறது. கசிவு அதிகமானால் ரத்த அழுத்தம் இறங்கி, மூளை, சிறுநீரகம் போன்ற உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாமல் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்விடுவார். சரியான நேரத்தில், சரியான அளவில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினால் அவரை மீட்டுவிடலாம். இதில் சில மணி நேரத் தாமதம்கூடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

இன்னொன்றையும் கவனிக்கணும். இந்த நிலையிலும் நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கலாம். "நல்லாத்தானே பேசுறான், காலையில பார்த்துக்கலாம்" என்று ராத்திரியைக் கடத்துவது ஆபத்தில் முடியலாம். பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் கை, காலைத் தொட்டுப் பாருங்க. சில்லென்று இருந்தால் உடனே கிளம்புங்க.

இந்த அறிகுறிகள் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி

கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

- கடுமையான அல்லது விடாத வயிற்று வலி
- ஒரே நாளில் 3 முறையோ அதற்கு மேலோ வாந்தி, எதைக் குடித்தாலும் தங்காத நிலை
- ஈறு, மூக்கில் ரத்தம் கசிவது
- வாந்தியில் ரத்தம், மலம் கறுப்பாகவோ ரத்தத்துடனோ போவது
- பெண்களுக்கு மாதவிடாயில் வழக்கத்தைவிட அதிக ரத்தப்போக்கு
- அளவுக்கு மீறிய சோர்வு, மயக்கம், அல்லது காரணமில்லாத பரபரப்பு
- குழந்தை தொடர்ந்து அழுவது, எழுப்பினாலும் தூங்கி வழிவது
- மூச்சு வாங்குவது, வேகமாக மூச்சு விடுவது
- கை, கால் சில்லிட்டு, தோல் வெளிறிப் போவது
- 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது

அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸை அழையுங்க. சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

கர்ப்பிணிகள், 1 வயதுக்குக் குறைந்த குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோய், இதயம் அல்லது சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் ஆகியோர் இந்த அறிகுறிகள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் தொடங்கியதுமே டாக்டரைப் பார்த்துவிடணும்.

எந்த நாளில் எந்த டெஸ்ட்?

*முதல் 5 நாள்:* என்எஸ்1 ஆன்டிஜென் பரிசோதனை. வைரஸின் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று இது பார்க்கும்.

*5 நாளுக்குப் பிறகு:* ஐஜிஎம் ஆன்டிபாடி பரிசோதனை. வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளை இது காட்டும்.

இவை இரண்டிலும் எலிசா முறையில் செய்யும் சோதனையே நம்பகமானது. சில நிமிடங்களில் முடிவு சொல்லும் கார்டு டெஸ்ட்டை மட்டும் வைத்து டெங்கு இருக்கிறது, இல்லை என்று உறுதி செய்ய முடியாது. நெகட்டிவ் என்று வந்தாலும் அறிகுறி இருந்தால் டாக்டர் சொல்லும் கண்காணிப்பை நிறுத்தாதீங்க.

இவற்றோடு, முழு ரத்தப் பரிசோதனை எனப்படும் சிபிசி டெஸ்ட்டும் எடுப்பார்கள். தேவைக்கேற்பத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்லலாம். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருங்க. முந்தைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நோய் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

பிளேட்லெட் குறைந்தால் உடனே ஏற்றணுமா?

டெங்கு என்றதும் எல்லோரும் கேட்பது, "கவுன்ட் எவ்வளவு?" என்பதுதான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை பிளேட்லெட் இருப்பது இயல்பு. டெங்குவில் இது 1 லட்சத்துக்குக் கீழே இறங்குவது சகஜம். நோய் தேறும்போது தானாகவே ஏறத் தொடங்கும்.

எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் பிளேட்லெட் ஏற்ற வேண்டியதில்லை. ரத்தக்கசிவு இருந்தாலோ, எண்ணிக்கை 10 ஆயிரத்துக்கும் கீழே போனாலோ பொதுவாக அது பற்றி யோசிப்பார்கள். நோயாளியின் நிலையைப் பார்த்து டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு அது.

ரிப்போர்ட்டில் பிளேட்லெட்டுக்கு இணையாகக் கவனிக்க வேண்டிய இன்னொரு எண் பிசிவி. ஹீமடோகிரிட் என்றும் இதைச் சொல்வார்கள். தண்ணீர் வற்றினால் குழம்பு கெட்டியாவது போல, பிளாஸ்மா கசியக் கசிய பிசிவி எண் ஏறும். பிளேட்லெட் வேகமாக இறங்கி, அதே நேரம் பிசிவி ஏறினால் அது கசிவுக்கான எச்சரிக்கை மணி. அடுத்த முறை ரிப்போர்ட் வாங்கும்போது, "பிசிவி எப்படி இருக்கு டாக்டர்?" என்றும் கேளுங்க.

வீட்டில் இருந்தால் என்ன செய்யணும்?

எச்சரிக்கை அறிகுறிகள் இல்லாத பலரை, டாக்டர் ஆலோசனையோடு வீட்டிலேயே கவனிக்கலாம்.

- முழு ஓய்வு வேண்டும்.
- கஞ்சி, மோர், இளநீர், பழச்சாறு, ஓஆர்எஸ் கரைசல் என்று நீர் ஆகாரம் அடிக்கடி கொடுங்க. ஒரே மூச்சில் கொடுத்தால் வாந்தி வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கணும்.
- சிறுநீர் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது போகிறதா என்று கவனியுங்க. உடலில் நீர்ச்சத்து போதுமா என்பதை வீட்டிலேயே தெரிந்துகொள்ள இது எளிய வழி.
- காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். அதுவும் டாக்டர் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில்.
- பீட்ரூட் ஜூஸ் போன்ற சிவப்பு நிறப் பானங்களைத் தவிர்க்கலாம். வாந்தி எடுத்தால் அது ரத்தமா, ஜூஸா என்று குழப்பம் வரும்.
- காய்ச்சல் விட்ட பிறகும் குறைந்தது 2 நாள் இதே கவனிப்பு தொடரணும். வேலைக்கோ பள்ளிக்கோ அனுப்ப வேண்டாம்.

இதையெல்லாம் செய்யாதீங்க

- ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். இவை ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும்.
- "உடம்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீங்க. அதில் என்ன மாத்திரை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.
- ஆன்டிபயாடிக் டெங்கு வைரஸைக் கொல்லாது. ஸ்டீராய்டும் இதற்கு மருந்தல்ல.
- இன்னும் சீக்கிரம் குறையட்டும் என்று பாராசிட்டமாலை அளவுக்கு மீறிக் கொடுக்காதீங்க. கல்லீரல் பாதிக்கும்.
- தெரிந்தவரை வைத்து வீட்டிலேயே டிரிப்ஸ் ஏற்ற வேண்டாம். திரவம் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச் சாறு உதவுமா?

நிலவேம்பு உட்பட 9 மூலிகைகள் சேர்ந்ததுதான் நிலவேம்புக் குடிநீர். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவுகளில் இது கிடைக்கிறது. பப்பாளி இலைச் சாறு பிளேட்லெட்டைக் கூட்டுமா என்று சில ஆய்வுகள் நடந்துள்ளன. ஆனால் தீவிர டெங்குவை அது தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

இங்கே ஒன்றை மட்டும் மறக்காதீங்க. கசாயம் குடிக்கிறோம் என்பதற்காக ரத்தப் பரிசோதனையையோ, டாக்டரைப் பார்ப்பதையோ தள்ளிப் போடக் கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம். வாந்தி எடுக்கும் குழந்தைக்குக் கசப்பான சாற்றை வற்புறுத்திப் புகட்டினால், உள்ளே போன கொஞ்ச நீரும் வெளியே வந்துவிடும்.

ஒரு தடவை வந்தால் மறுபடி வராதா?

வரும். டெங்கு வைரஸில் 4 வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிராக நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற 3 வகைகளுக்கு எதிராகக் கிடைப்பது தற்காலிகப் பாதுகாப்பு மட்டுமே. இன்னும் முக்கியமாக, வேறொரு வகை வைரஸால் இரண்டாம் முறை டெங்கு வரும்போது நோய் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். "எனக்குப் போன வருஷமே வந்துடுச்சு" என்று அலட்சியமாக இருப்பது தப்பு.

தடுப்பது எப்படி? வாரத்தில் ஒரு நாள் போதும்

முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம்ம ஊர் வெப்பநிலையில் 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரத்துக்கு ஒரு முறை தண்ணீரைக் கொட்டிவிட்டால், புழு கொசுவாக மாறுவதற்கு முன்பே கதை முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

எங்கெல்லாம் பார்க்கணும்?

- தண்ணீர் டிரம், குடம், சிமென்ட் தொட்டி
- மாடித் தொட்டி, தரைத்தொட்டியின் மூடி சரியாக மூடுகிறதா என்று
- ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு
- ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, ஏர் கூலர்
- பூந்தொட்டியின் அடித்தட்டு, மணிபிளான்ட் பாட்டில்
- பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பெயின்ட் டப்பா
- கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், உரல்
- மொட்டை மாடியில் கிடக்கும் உடைந்த பக்கெட், தார்ப்பாய் மடிப்பு
- கோழி, நாய், மாடு குடிக்க வைக்கும் தண்ணீர்ப் பாத்திரம்
- பயன்படுத்தாத கழிப்பறையின் பீங்கான்

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உள்சுவரை நார் போட்டு அழுத்தித் தேய்க்கணும். ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில். அந்த முட்டை தண்ணீர் இல்லாமல் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றியதும் பொரிந்துவிடும். கோடையில் காய்ந்து கிடந்த டயர், முதல் மழையிலேயே கொசு உற்பத்தி செய்வது இப்படித்தான்.

கொட்ட முடியாத தொட்டிகளுக்கு இறுக்கமான மூடி போடுங்க. மூடி இல்லையென்றால் பழைய வேட்டித் துணியை இழுத்துக் கட்டலாம். கடி படாமல் இருக்க, முழுக்கை உடை, ஜன்னலுக்கு வலை, பகலில் தூங்கும் குழந்தைக்குக் கொசு வலை ஆகியவை உதவும்.

புகை அடித்தால் கொசு ஒழிந்துவிடுமா?

தெருவில் புகை அடிப்பது பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும். டிரம்மில் இருக்கும் புழுவையோ சுவரில் ஒட்டியிருக்கும் முட்டையையோ அது ஒன்றும் செய்யாது. சில நாளில் அடுத்த கூட்டம் வந்துவிடும்.

அதனால்தான் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து தொட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். தேவைப்படும் இடத்தில் அபேட் மருந்து ஊற்றுகிறார்கள். அது புழுக்களைக் கொல்லும் மருந்து. "எங்க வீடு சுத்தமாத்தான் இருக்கு, போங்க" என்று அவர்களைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பாதீங்க. நம் கண்ணில் படாத புழு அவர்கள் டார்ச் வெளிச்சத்தில் தெரியும்.

தடுப்பூசி இருக்கிறதா?

கியூடெங்கா என்ற தடுப்பூசி பிரேசில், இந்தோனேசியா போன்ற நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. இந்தியாவில் ஐசிஎம்ஆரும் பனேசியா பயோடெக் நிறுவனமும் இணைந்து, 'டெங்கிஆல்' என்ற தடுப்பூசியின் 3ஆம் கட்டப் பரிசோதனையை 2024 ஆகஸ்ட்டில் தொடங்கின. 10,300-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தத் திட்டமிடப்பட்ட பெரிய பரிசோதனை இது. புதுச்சேரியில் உள்ள ஐசிஎம்ஆர் ஆய்வு மையம், டெங்கு வைரஸைப் பரப்பும் திறன் குறைந்த ஏடிஸ் கொசுக்களை, ஓல்பாக்கியா என்ற பாக்டீரியாவின் உதவியுடன் உருவாக்கியிருப்பதாக 2022-ல் அறிவித்தது.

இவையெல்லாம் நம்பிக்கை தரும் முயற்சிகள். ஆனால் உங்க வீட்டு டிரம்முக்கு மூடி போட எந்த அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

மறக்கக் கூடாத 3 விஷயம்

1. காய்ச்சல் தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்க. 2 நாளுக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்க.
2. காய்ச்சல் விட்டதும் அடுத்த 48 மணி நேரம் கண் வைத்துப் பாருங்க. வயிற்று வலி, வாந்தி, ரத்தக்கசிவு, சில்லிடும் கை கால் என எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.
3. வாரத்தில் ஒரு நாள் தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்து, கவிழ்த்து வையுங்க.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை. மொட்டை மாடிக்கும் கொல்லைப்பக்கத்துக்கும் ஒரு நடை போய்ப் பாருங்க. தேங்கிய தண்ணீரில் மெல்லிய நூல் மாதிரி ஏதாவது நெளிந்தால், அதை இப்பவே தரையில் கொட்டிவிடுங்க.